வெயில் படக் கூடாத பெட்டி

என்னை ஒருநாளும் சுமை என்று நினைக்காமல் சுமந்த என் அத்தாவுக்கு,

உங்கள் மகள் பரீதாவின் ஸலாம்.

நம் ஊரில் கபர்ஸ்தான் கேட்டு வரைக்கும்தான் பெண்களுக்கு வழி. சலீம் அண்ணன் உள்ளே போய் உங்கள் தலைமாட்டில் நின்று பாத்திஹா ஓதிவிட்டு வருவார். நான் வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். அண்ணனிடம் சொல்லி அனுப்ப முடியாத பேச்சு ஒன்று எனக்கும் உங்களுக்கும் நடுவில் பாக்கி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றது போதும் என்றுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். நாலு பேர் பேசியதை இரண்டு வருஷமாக நானும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தொழுகைக்கு நாற்காலி போட்டுக்கொடுத்தோம், அதில் உட்கார மாட்டேன் என்கிறாள். "நாக்காலியில ஒக்காந்து தொழுதா பரீட்ச எழுதுற மாதிரி இருக்கு" என்கிறாள். லாரி ஷெட்டை அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். உங்கள் மேஜையை வாசலிலிருந்து உள்ளே இழுத்துப் போட்டுவிட்டார். சாத்தூர் ரோட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. சீசன் அத்தா. உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

நீங்கள் எங்களை விட்டுப் போன அந்த வருஷம் ரமலானும் தீபாவளியும் ஒரே மாதத்தில் வந்தன. "நோம்புக்கும் பட்டாசுக்கும் ஒரே நேரத்துல லோடு ஏத்துறான் ஆண்டவன்" என்று சிரித்தீர்கள். இப்போது ரமலான் முன்னால் நகர்ந்துவிட்டது. தீபாவளி மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

சரி, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அந்தக் காலையில் என் பெட்டியிலிருந்து வந்ததை நெருப்பு என்று நினைத்தீர்களா, பனி என்று நினைத்தீர்களா? நான் சொன்னதை நம்பினீர்களா, கண்ணால் பார்த்ததை நம்பினீர்களா? இந்த ஒரு கேள்விதான் இரண்டு வருஷமாக என் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டுமே, அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நம் பக்கத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். லீவு போட்டுவிட்டுப் பெங்களூரில் ஒரு ஆய்வகத்துக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினேன். மனுஷ உடம்பின் புரதம் ஒன்றைப் பூச்சி செல்லுக்குள் செய்து எடுக்கும் வேலை. நான் கிளம்பும்போது, "அப்படி என்னத்தத்தாம்மா செய்யப் போற, எனக்கும் புரியிற மாதிரிச் சொல்லு" என்று கேட்டீர்கள். பஸ் வரும்வரை சொன்னேன்.

"மனுஷ செல்லுக்குள்ள இந்தப் புரதத்த எப்படிச் செய்யணும்னு ஒரு குறிப்பு இருக்கு அத்தா. அந்தக் குறிப்ப மட்டும் எடுத்து ஒரு புழுவோட செல்லுக்குள்ள ஏத்திவிட்டா, அந்தப் பூச்சி செல்லு நம்ம புரதத்த செஞ்சு குடுக்கும்."

"அப்ப டிசைன் நம்மளது, அடிக்கிறது பூச்சியா? சிவகாசியில காலண்டர் அடிக்கிற மாதிரி. ஜாப் ஒர்க்குன்னு சொல்லு!"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆய்வகத்து மேடமிடம் இதைச் சொன்னேன். அன்று முதல் அந்தப் பூச்சி செல்கள் வளரும் அறைக்கு அங்கே 'சிவகாசி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் புரதம் இருக்கும் இடத்தையும் கேட்டீர்கள். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் எண்ணெய்ப் படலம் போல மெல்லிய சவ்வு ஒன்று உண்டு, அதில் பதிந்து உட்கார்ந்து எந்த உப்பு உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்ப்பதுதான் அதன் வேலை என்றேன். "செக்போஸ்ட்டு" என்றீர்கள் உடனே. பிறகு கொஞ்சம் யோசித்து, "செக்போஸ்ட்டப் பேத்துத் தனியா எடுத்துட்டு வந்தா அது எங்கிட்டும்மா நிக்கும்?" என்று கேட்டீர்கள். என் ஆராய்ச்சியின் மொத்தத் தலைவலியும் அதுதான் அத்தா. சவ்வைவிட்டு வெளியே எடுத்தால் அந்தப் புரதம் சுருண்டு கட்டி தட்டிவிடும். ஒருவகைச் சோப்புத் தண்ணீரில், இன்னும் சவ்வுக்குள்தான் இருக்கிறாய் என்று அதை ஏமாற்றி உட்கார வைக்க வேண்டும். சூடு பட்டால் அதோடு சரி. கல்லாய் உறைய வைத்துத்தான் ஓரிடம் விட்டு ஓரிடம் கொண்டுபோக முடியும்.

பலமுறை கெட்டு, பலமுறை திரும்பச் செய்து, கடைசியில் ஒருவழியாக வந்தது. சின்னச் சின்னக் குழாய்களில் நிறமே இல்லாத தண்ணீர். அவ்வளவுதான் என் உழைப்பு. கல்லூரியில் வாங்கி வைத்திருந்த புது உறைபெட்டிக்குள் அது வந்து சேர்ந்துவிட்டால் மிச்ச ஆராய்ச்சியை ஊரில் இருந்தபடியே முடித்துக்கொள்ளலாம். கூரியரில் போட்டால் நம் ஊர் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நீங்கள்தான் போனில், "நம்ம வண்டி பெங்களூர்ல பட்டாசு எறக்கிட்டுப் பேப்பர் லோடு ஏத்திக்கிட்டு ராத்திரிக்கு ராத்திரி வந்துரும். ஒம் பெட்டிய எதுக்கும்மா எவன் கையிலயோ குடுக்குற?" என்றீர்கள்.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உள்ளே வெள்ளைக் கட்டி இருக்கும், அதற்கு உலர்பனி என்று பேர், தொட்டால் கை பொத்துப்போகும் என்றேன். வண்டியில் டிரைவர் பக்கத்தில் வைக்கக் கூடாது, மூச்சு முட்டும், பின்னால் தார்ப்பாய்க்குள் வைக்க வேண்டும் என்றேன். புகை மாதிரி வரும், பயப்படாதீர்கள், அது நெருப்பில்லை என்றேன்.

"தொட்டா வேகும், பொகையும் வரும், ஆனா நெருப்பில்ல. என்னம்மா இது, நம்ம ஊர்ச் சரக்குக்குத் தங்கச்சி மாதிரியில்ல இருக்கு?"

"வெளையாடாதீகத்தா. வெயில் மட்டும் படக் கூடாது. அம்புட்டுத்தான்."

"சரிம்மா, ஒம் பெட்டிக்கு நான் கொடை புடிச்சுக் கூட்டியாரேன், போதுமா?"

நீங்கள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு இதுதான்.

நான் முந்தின நாளே பஸ்ஸில் வந்து கல்லூரி விடுதியில் தங்கி, உறைபெட்டியைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வண்டி விடிந்து வந்தது. டிரைவர் பெட்டியை ஷெட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஷெட்டு முழுக்கக் கூரை முட்டப் பட்டாசு அட்டைப்பெட்டிகள். அப்படி அடுக்கக் கூடாதுதான். சீசனில் யார் சொல்லி யார் கேட்கிறார்கள்? வரும் வழியில் வண்டிக்குள் பேப்பர் கட்டு சரிந்து விழுந்ததில் என் பெட்டியின் மூடி ஒரு மூலையில் உடைந்திருக்கிறது. அந்த வெடிப்பிலிருந்து வெள்ளையாகப் புகை வந்திருக்கிறது.

அப்புறம் நடந்ததாக எனக்குச் சொல்லப்பட்டது கொஞ்சம்தான். யாரோ "பொகை!" என்று கத்தினார்கள். லோடுமேன்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். நீங்கள் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் பொட்டல் வழியாகக் கண்மாய்க் கரை வரை போனீர்கள். நோன்பு வாயோடு, நெஞ்சுவலி மாத்திரை போடும் உடம்போடு. பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே மௌத்தாகிவிட்டீர்கள்.

உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் பெட்டி கண்மாய்க் கரையில்தான் கிடந்தது. யாருக்கு அது நினைவில் இருக்கும்? சாயங்காலம் யாரோ எடுத்துவந்து வாசலில் வைத்தார்கள். ரொம்ப நாள் கழித்துத் திறந்தேன். பனி போன இடம் தெரியவில்லை. குழாய்களுக்குள் புரதம் திரிந்து திரிதிரியாக மிதந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இதற்காகவா, இதற்காகவா என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

பேச்சு எப்படி எல்லாம் வந்தது தெரியுமா? உங்களுக்காக அம்மா நாலு மாசம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருந்த அறைக்கே வந்து, அவள் காதுபடவே, "பொட்டப்புள்ளைக்கு எம்புட்டுப் படிப்பு? கடைசியில உசுரெடுக்குற மலக்குல் மவுத்தப் பெட்டியில வச்சுல்ல அனுப்பிருக்கா" என்றாள் உங்கள் சொந்தக்காரி ஒருத்தி. யார் என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். நீங்கள் இருந்திருந்தால் அவள் இந்த வாசற்படி ஏறியிருப்பாளா? அவள் போன பிறகு அம்மா, "அவ குடிச்ச கிளாசத் தனியாக் கழுவி வையி" என்றாள். அதுதான் அம்மாவின் கோபம்.

ஊர்ப் பேச்சு கிடக்கட்டும் அத்தா. அண்ணன் பேசியதுதான் என்னை அறுத்தது. ஒருநாள் நான், "அத்தாவுக்கு அது பனின்னு தெரியும், நான் சொல்லிருந்தேன்" என்றேன். அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுக்காமலே, "பனின்னு தெரிஞ்சா ஷெட்டுலயே வச்சிருப்பாகல்ல? எதுக்குக் கண்மாய்க்கரை வரைக்கும் தூக்கிட்டுப் போகணும்? நெருப்புன்னு நெனச்சுத்தான் போயிருக்காக. நம்ம ஆளுகளக் காப்பாத்த" என்றார். அண்ணன் என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. உங்களைப் பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கணக்கு எனக்குச் சரியாக வந்துவிட்டது. நெருப்பில்லாவிட்டால் எதற்காக ஊருக்கு வெளியே?

அப்படியென்றால் கடைசியில், என் மகள் எனக்கு நெருப்பை அனுப்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டா போனீர்கள்? எட்டாவதோடு நிறுத்து என்று மொத்தக் குடும்பமும் சொன்னபோது, "எம் புள்ள சொன்னாச் சரியா இருக்கும்" என்று எழுந்து நின்றவர் நீங்கள். அந்த மனுஷருக்குக் கடைசி நேரத்தில் என் சொல் பொய்யாகிவிட்டதா? தூங்கப் போனால் இதுதான். எழுந்தால் இதுதான்.

அம்மாவுக்கு வேறு கவலை. உங்கள் பச்சைக் கட்டம் போட்ட துண்டைக் காணவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடுப்பில் அது இல்லை. "துண்டில்லாம ஒங்கத்தா தெருவுல எறங்க மாட்டாகளே" என்று பீரோவைத் திரும்பத் திரும்பக் கலைத்துப் பார்த்தாள். ஷெட்டுக்கும் ஆள் அனுப்பிக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. போன உசுரைவிட்டு ஒரு துண்டுக்கு அலைகிறாளே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஆராய்ச்சியை விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். இந்த வருஷம் மேடம் விடாமல் கூப்பிட்டார். போனேன். திரும்பப் பூச்சி செல், திரும்பச் சோப்புத் தண்ணீர், திரும்பக் குளிர் அறை. போன தடவையைவிட நன்றாகவே வந்தது அத்தா. அதைச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் குறை. பழையபடி அதை ஊருக்குக் கொண்டுவருவது எப்படி என்ற கேள்வி வந்தது. அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அந்தப் பெட்டி இனி நம்ம ஷெட்டு வாசல மிதிக்கக் கூடாது." அவரைக் குறை சொல்ல மாட்டேன். சீசன் நேரம், ஷெட்டு நிறையச் சரக்கு, அங்கே புகை என்ற சொல்லே கூடாது.

இரண்டு நாள் கழித்துக் கருப்பசாமி அண்ணன் வீட்டுக்கு வந்தார். உங்கள் தலை லோடுமேன், தாயில்பட்டிக்காரர். நீங்கள் போன பிறகு அவர் நம் வீட்டுப் பக்கமே வந்ததில்லை. சலீம் அண்ணன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டோம், அதற்கும் வரவில்லை. வாசலில் நின்றுகொண்டே, "பாப்பா, அந்தப் பெட்டிய நான் கொண்டாரேன். ஷெட்டுக்குள்ள வர வேணாம். பொட்டல்ல எறக்கிக்கிருவோம்" என்றார். கையில் ஒரு மஞ்சப்பை. அதை நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"உள்ள வாங்கண்ணே, ஒக்காருங்க."

"இல்ல பாப்பா, நின்னே சொல்லிருதேன். ஒக்காந்தா சொல்ல மாட்டேன்."

அவர் சொன்னதை அவர் வாயாலேயே எழுதுகிறேன் அத்தா. எனக்கு மறக்கக் கூடாது.

"எங்கூட்டுல எந் தம்பி வெடியாபீஸ் விபத்துல போனவன் பாப்பா. பொகையப் பாத்து வெளிய ஓடியாந்தவன், செருப்ப எடுக்கத் திரும்புனான். அன்னையிலருந்து எங்காத்தா எங்க எல்லார்ட்டயும் சத்தியம் வாங்கிருச்சு. பொகையக் கண்டா திரும்பிப் பாக்கக் கூடாது, கூடப்பொறந்தவன் கூப்ட்டாலும் நிக்கக் கூடாதுன்னு. எங்கூருல பச்சப்புள்ளைக்கும் இதத்தான் மொதல்ல சொல்லித் தருவாக. அன்னைக்கு ஒம் பெட்டியில பொகையப் பாத்தமா, காலு தன்னால ஓடிருச்சு. பாய் உள்ளருந்து கத்துனாக. 'ஏலே, அது ஐஸுலே! எம் மகளோட பெட்டிலே, வாங்கலே'ன்னு கத்துனாக. காதுல விழுந்துச்சு பாப்பா. விழுந்தும் ஒருத்தனும் திரும்பல."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நாங்க ரோட்டுக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு, 'பாய், வந்துருங்க, வந்துருங்க'ன்னு கத்துறோம். பாய் வாசல்ல வந்து எங்களப் பாத்தாக. அந்தப் பெட்டி உள்ள இருக்குற மட்டும் இவனுக ஒருத்தனும் ஷெட்டுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டானுகன்னு அவுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. உள்ள போயி அதத் தூக்கியாந்தாக. ஓடல பாப்பா. சின்னப் புள்ளையத் தூக்குற மாதிரி நெஞ்சோட அணச்சு, மெதுவா நடந்துதான் போனாக. நாங்க பின்னாடி போகல. கண்மாய்க்கரையில வச்சாக. எந்தப் பக்கம் மேல இருக்கணும்னு போட்டிருந்த அம்புக்குறியப் பாத்து, திருப்பி வச்சாக. வெயிலு ஏற ஆரம்பிச்சிருச்சு. தோள்ல கெடந்த துண்ட எடுத்துப் பெட்டி மேல போட்டு மூடிட்டு, பொழுது கெளம்புற பக்கமா முதுகக் காட்டி ஒக்காந்தாக. அவுக நெழலு பெட்டி மேல விழுற மாதிரி. அப்படியே சாஞ்சுட்டாக. அப்பத்தான் நாங்க ஓடுனோம். தண்ணி குடுத்தேன் பாப்பா, வேண்டாம்னு கையாட்டிட்டாக. நோம்புன்னு எனக்கு அப்பத்தான் ஓர்மையே வந்துச்சு."

மஞ்சப்பையிலிருந்து துண்டை எடுத்தார். துவைத்து, மடித்து, பச்சைக் கட்டம் வெளியே தெரிய வைத்திருந்தார்.

"மூஞ்சி தொடைக்கலாம்னு இத எடுத்தேன். வெறச்சுப்போயி, ஓரமெல்லாம் பனி பூத்துக் கெடந்துச்சு. அப்பத்தான் ஐஸுன்னே எனக்கு ஒறச்சுச்சு. இதக் கொண்டாந்து குடுத்தா எங்கருந்து எடுத்தன்னு கேப்பீக. கேட்டா நாங்க ஓடுனதச் சொல்லணும். அதான் வச்சுக்கிட்டேன். என்னைய மன்னிச்சிரு பாப்பா."

நான் அவரிடம், "ஒங்க ஆத்தா சொன்னதத்தானண்ணே செஞ்சீக. திரும்பிருந்தா தப்பு" என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். புகையைக் கண்டு ஓடாதவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? அவர் துண்டை என் கையில் வைத்துவிட்டு, சண்டை போட்டவர் மாதிரி விறுவிறு என்று போய்விட்டார்.

அத்தா, இரண்டு வருஷமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அது பனி என்றுதான் உங்களுக்குத் தெரியும். நெருப்புக்கு யாராவது துண்டைப் போட்டு மூடுவார்களா? நெருப்புக்கு யாராவது நிழல் கொடுப்பார்களா? கடைசி மூச்சு வரைக்கும் என் சொல்லைத்தான் நம்பினீர்கள். குடை பிடிப்பேன் என்று சொன்னதையும் செய்துவிட்டீர்கள்.

இதைத்தானே கேட்க ஆசைப்பட்டேன்? கேட்டபின் சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்? அன்று கதவைச் சாத்திக்கொண்டு துண்டில் முகத்தைப் புதைத்து, நீங்கள் போன அன்றைக்கு அழாத அழுகை எல்லாம் அழுதேன். நெருப்பு என்று நினைத்திருந்தால் நீங்களும் அவர்களோடு ஓடியிருப்பீர்கள் அத்தா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியிருப்பீர்கள். பெட்டி கிடந்து புகைந்து தானாக அடங்கியிருக்கும். இன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா ஒஞ் செக்போஸ்ட்டு, பயங்காட்டிருச்சே" என்று சிரித்துக்கொண்டிருப்பீர்கள். என் சொல்லை நம்பியதால்தான் நின்றீர்கள். நம்பாமல் போயிருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவை, இந்தப் பிள்ளை சொல்வது பொய் என்று நினைத்து ஓடியிருக்கக் கூடாதா?

அம்மாவிடம் துண்டைக் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்தாள். "வேற சோப்புல தொவச்சிருக்கான்" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். என்னை நம்பினதால்தான் அத்தா போய்விட்டார் என்றும் சொன்னேன். அம்மா என் தலையில் வலிக்கவே ஒரு குட்டு வைத்தாள். "நெஞ்சுவலியில போனாக. ஒன்னய நம்புனது வேற, நெஞ்சுவலி வேற. ரெண்டையும் ஒரே மூட்டையாக் கட்டித் தூக்காத" என்றாள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எனக்கு ஆறவில்லை. ஆறும் என்று உங்களிடம் பொய் சொல்லவும் மாட்டேன்.

இன்று காலையில் பெட்டி வந்தது. அண்ணன் ஒத்துக்கொண்டபடி ஷெட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பொட்டலில் இறக்கினார்கள். கருப்பசாமி அண்ணன்தான் இறக்கினார். நான் ஷெட்டு ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். வந்தார்கள், ஆனால் எட்டத்தில் நின்றார்கள். எல்லாரும் பார்க்க மூடியைத் திறந்தேன். வெள்ளையாகப் பொங்கி வழிந்தது. இரண்டு பேர் சட்டென்று பின்னால் போய்விட்டார்கள். கருப்பசாமி அண்ணனின் காலும் ஒரு அடி பின்னால் போனது. பிறகு நின்றுவிட்டது.

"பாருங்கண்ணே, நெருப்புப் பொகை மேல போகும். இது கீழதான் வழியும். கைய மேலாப்புல காட்டுங்க, கட்டியத் தொட்டுறாதீக."

ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கையை நீட்டினார்கள். "ஆத்தாடி, ஐஸாத்தான் இருக்கு!" என்றார் ஒருத்தர். இன்னொருத்தர், "இம்புட்டுக் குளுமையில அப்படி என்னதான் பாப்பா இருக்கு?" என்று கேட்டார். செக்போஸ்ட்டு என்று சொன்னேன். நீங்கள் சொன்னது என்றும் சொன்னேன். அண்ணன் ஷெட்டு வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ரோட்டைத் தாண்டி வந்து அவரும் கையை நீட்டினார். கையை எடுக்க ரொம்ப நேரம் ஆனது.

கல்லூரி வேன் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. காலையில் நான் கிளம்பும்போது அம்மா அந்தத் துண்டை மடித்துக் கையில் கொடுத்து, "இதப் போட்டு மூடிக் கொண்டுபோ" என்று சொல்லியிருந்தாள். பச்சைக் கட்டம் பெட்டி மேல் கிடக்கிறது. இந்தக் கடிதத்தை அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெயில் ஏறிவிட்டது. பொழுது கிளம்புகிற பக்கமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். முதுகு எரிகிறது அத்தா. உங்களுக்கும் இப்படித்தான் எரிந்திருக்குமா?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனி என் பெட்டி எந்த ஊர், எந்த வண்டி, எந்த வாசலுக்குப் போனாலும், அதைத் தொடப் போகிற ஒவ்வொருவரும் மூடியைத் திறந்து பார்த்து, கையை நீட்டிப் பார்த்து, பயம் போன பிறகுதான் நகரும். என் சொல்லை நம்பி ஒருத்தர் மட்டும் அதைத் தனியாகச் சுமக்கும்படி இனி நான் விட மாட்டேன்.

உங்கள் சொல்லை நம்பிப் படிக்கப் போனவள்,
உங்கள் மகள்
பரீதா